நிற்குமா என்று கேள்

பேராண்டி, காருக்குப் பின்னால் சின்னதாக ஒரு கேரவனைக் கோத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகப் போகிறேன் என்கிறாய். ரஞ்சன்குடி கோட்டைப் பக்கம் ஒரு ராத்திரி, பறவைகள் வரும் மாசத்தில் கரைவெட்டிப் பக்கம் ஒரு ராத்திரி, கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு விடியற்காலை. நல்ல ஆசை. தடுக்க மாட்டேன். நம் பக்கத்தில் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் படப்பிடிப்புக்குக் கொண்டுவரும் பஸ்தான் எல்லோருக்கும் தெரியும். அதற்கு எஞ்சின் அதிலேயே இருக்கிறது. நீ சொல்வது எஞ்சின் இல்லாத பெட்டி. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் எஞ்சின் இல்லாத பெட்டியை இழுத்துப் பிழைத்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். கரும்பு ஏற்றி எறையூர் ஆலைக்கும் சாத்தமங்கலம் ஆலைக்கும், பருத்தியும் மக்காச்சோளமும் ஏற்றி விற்பனைக் கமிட்டிக்கும் டிராக்டர் ஓட்டினவன் நான். எனக்குத் தெரிந்ததை அதிலிருந்துதான் சொல்ல முடியும்.

“என் கார் இதை இழுக்குமா தாத்தா?” என்று கேட்டாய். இழுக்கும். சமதளத் தார் ரோட்டில் ஒரு டன் பெட்டியை உருட்டிக்கொண்டே இருக்க, பதினைந்து இருபது கிலோ மூட்டையைத் தூக்குகிற அளவு விசை இருந்தால் போதும். காற்று நல்லபடியாக இருக்கிற டயரில் நிற்கும் காரை நீ ஒரு ஆளே தள்ளியிருக்கிறாய். அதனால் இழுக்குமா என்கிற கேள்விக்குப் பதில் எப்போதும் ‘இழுக்கும்’ என்றுதான் வரும். விற்கிறவனும் அதையேதான் சொல்வான். நிற்குமா என்பதுதான் கேள்வி. அதை யாரும் தானாக முன்வந்து உனக்குச் சொல்ல மாட்டார்கள்.

சிறுவாச்சூரிலோ கல்லங்குறிச்சியிலோ தேரோட்டத்துக்குப் போனால் நீ எங்கே நின்று பார்க்கிறாய்? வடம் பிடிக்கிற கூட்டத்தில் நிற்பாய். அடுத்த முறை சக்கரத்தின் பக்கம் நின்று பார். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வடம் பிடிக்க ஊரே வரும், வெளியூரும் வரும், பழக்கம் எதுவும் தேவையில்லை. கட்டை போடுவதற்கு எவனையும் விட மாட்டார்கள். எந்தச் சக்கரத்துக்கு எந்த நொடியில் எந்தச் சாய்வில் கட்டை போனால் தேர் திரும்பும், எதில் போனால் நிற்கும் என்பது கைப்பழக்கம், தலைமுறையாக வருவது. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன் எடை. இழுக்க ஜனம் இருந்தது, அன்றும் இன்றும். திருச்சி பெல் நிறுவனத்தார் அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தார்கள். நிறுத்தத்தான் பொறியாளர்கள் வர வேண்டியிருந்தது.

மேடையில் பேசுகிறவர்கள் பாரத்தைப் பற்றிச் சொல்ல வந்தால் உடனே வள்ளுவரின் மயிலிறகு வண்டிக்குப் போய்விடுவார்கள். அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்பது சரிதான். ஆனால் டிராக்டர் ஓட்டினவனாக ஒன்று சொல்கிறேன்: அச்சு முறிந்தால் வண்டி நின்றுவிடும், பிழைத்தோம். முறியாத அச்சோடு இறக்கத்தில் பின்னால் இருந்து தள்ளுகிற பாரம்தான் ஆளைக் கொல்லும்.

நம் டிராக்டர் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்கு பிரேக்கே கிடையாது. டிராக்டரிலும் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். அந்த பிரேக்கும் இடதுக்கு ஒரு மிதி, வலதுக்கு ஒரு மிதி என்று இரண்டாக இருக்கும். உழவில் வரப்போரம் சட்டென்று திருப்புவதற்காக. ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் சேர்த்து ஒரு கொக்கியால் பூட்ட வேண்டும். பூட்டாமல் வேகத்தில் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் டிராக்டர் ஒரு பக்கம் இழுக்கும், பின்னால் வருகிற பெட்டி அதை மறுபக்கம் தள்ளும், இரண்டும் மடித்த கத்தி மாதிரி ஒன்றின் மேல் ஒன்று சாயும். இதைவிடக் கொடுமை, டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது. கியரில் இருந்தால் எஞ்சினே பாதி பிரேக். நியூட்ரலில் விட்டால் பாரம்தான் டிரைவர். ஏற எந்த கியரோ இறங்கவும் அதே கியர் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சொன்னார்கள். நீ பச்சைமலை ஏறி இறங்கப் போகிறாய் என்றால் இந்த ஒன்றை மட்டுமாவது மனசில் வை.

ஏற்றத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பாரம் அதிகமாகி, கோக்கிற இடமும் உயரத்தில் இருந்தால் டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். தூக்கினால் ஸ்டியரிங் உன் கையில் இருக்கிற அலங்காரப் பொருள்தான். கொஞ்சம் தாமதித்தால் டிராக்டர் மல்லாந்து ஓட்டுகிறவன் மேலேயே விழும். அதனால்தான் கொக்கியைத் தாழ்வாக வைப்பதும், முன்னால் இரும்பு எடைக்கட்டிகள் மாட்டுவதும், பின் டயரில் தண்ணீர் நிரப்புவதும். இழுக்கிறவனுக்குக் கனம் வேண்டும். உன் வயசுக்காரர்கள் குதிரைத்திறனை மட்டும் பார்க்கிறீர்கள். இப்போது வருகிற சின்ன டர்போ கார் 100 குதிரைத்திறன் தருகிறது. நான் ஓட்டிய டிராக்டருக்கு 35தான். ஆனால் அந்த டிராக்டரின் எடை 1,700 கிலோவுக்கு மேல். உன் கார் 900 கிலோவைச் சற்றுத் தாண்டும். பெட்டி ஆட்டம் காட்டும்போது உன் குதிரைத்திறன் எந்த உதவிக்கும் வராது. காரின் கனம்தான் அதைப் பிடித்து நிறுத்தும்.

பெட்டியோடு காரில் போவது இங்கிலாந்தில் பழைய பழக்கம். அவர்கள் பட்டறிந்து வைத்திருக்கிற அளவுகளைச் சொல்கிறேன், எழுதிக்கொள். புதிதாக ஓட்டுகிறவனுக்கு, சாமான் ஏற்றிய கேரவனின் எடை காரின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சொல்லும் அறிவுரை. கேரவனுக்குத் தனி பிரேக் இல்லையென்றால் காரின் எடையில் பாதி, அல்லது 750 கிலோ, இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சம். இது அங்கே சட்டம். உன் காருக்கு 450 கிலோ. அந்த 450-லும் காரின் பிரேக்கே இரண்டையும் நிறுத்த வேண்டும். பெட்டி இல்லாமல் 30 மீட்டரில் நிற்கிற கார், அந்தப் பெட்டியோடு கணக்குப்படி 45 மீட்டர் போய்த்தான் நிற்கும். காரின் எடையே கொண்ட பெட்டியைக் கோத்தால் 60 மீட்டர். வேகம் இரட்டித்தால் தூரம் நாலு மடங்கு என்பதையும் இதோடு சேர்த்துக்கொள். கொஞ்சம் பெரிய கேரவன்களில் பிரேக் இருக்கும்: கார் வேகம் குறைந்ததும் பெட்டி முன்னால் வந்து கொக்கியை முட்டும், அந்த முட்டலே ஒரு கம்பியை இழுத்துப் பெட்டியின் சக்கரத்துக்கு பிரேக் போடும். தள்ளுகிற வேகத்தையே தடையாக மாற்றியவன் புத்திசாலி.

இழுவைத் திறனைக்கூட ஐரோப்பாவில் சமதளத்தில் அளப்பதில்லை. 12 விழுக்காடு ஏற்றத்தில், முழுப் பாரத்தோடு, ஐந்து நிமிஷத்துக்குள் ஐந்து முறை நின்ற இடத்திலிருந்து வண்டி கிளம்ப வேண்டும். கிளட்ச் வாடை அடித்தால் தோல்வி என்று எழுதவில்லையே தவிர, கருத்து அதுதான். உன் காரின் கையேட்டில் இழுவை அளவு இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் அந்தக் காரில் கோக்காதே. ‘போடவில்லை, ஆனால் இழுக்கும் சார்’ என்று ஷோரூம் பையன் சொல்வது கணக்கில் சேராது; இறக்கத்தில் அவன் உன்னோடு வரப்போவதில்லை.

அடுத்தது எடை. எடையைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதை அரியலூரில் இருக்கிறவனுக்குச் சொல்லவே தேவையில்லை. பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி உயரம் என்று ஒரு டிரெய்லர் வைத்துக்கொள். அதில் பறித்த பருத்தியைத் தலைதட்டி நிரப்பினால் அரை டன் வந்தால் பெரிது. மக்காச்சோளத்தைக் கொட்டினால் இரண்டரை டன்னை நெருங்கும். அதே பெட்டியில் சுண்ணாம்புக்கல் ஜல்லி என்றால் ஐந்து டன். எப்போதோ இங்கே கடல் கிடந்தது, அது விட்டுப்போன கல், இன்று சிமெண்ட் ஆலைகள் அதில்தான் ஓடுகின்றன. பெட்டியில் பாதிதான் இருக்கிறதே என்று நினைத்து அதை ஏற்றியவன் எடை மேடையில் முழித்தான். கேரவனிலும் இதே விளையாட்டுத்தான். ‘லைட் வெயிட், 350 கிலோ’ என்று விளம்பரத்தில் இருப்பது வெறும் பெட்டி. நாற்பது லிட்டர் தண்ணீர் என்றால் நாற்பது கிலோ. வீட்டு கேஸ் சிலிண்டரில் வாயு 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பதை ஒட்டி வரும். பேட்டரி, மெத்தை, அடுப்பு, உன் பாட்டி கொடுத்தனுப்பும் ஊறுகாய் ஜாடி. 450-ஐத் தொட்டுவிட்டாய், இன்னும் துணிமணி ஏற்றவில்லை. அதனால் சாமான் எல்லாம் ஏற்றின பிறகு எடை மேடையில் நிறுத்து. பெட்டியைத் தனியாக, காரைத் தனியாக, இரண்டையும் சேர்த்து என்று சீட்டு வாங்கு. சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரெய்லர் தனி வண்டி, அதற்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு வேண்டும், எண் பலகை வேண்டும். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அதோடு பாரத்தை இறக்குகிற செலவும் உன்னுடையது. ஓடுகிற பெட்டிக்குள் யாரையும் உட்கார வைக்காதே. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் டிராக்டர் பெட்டியில் ஆட்களை ஏற்றிப்போய்க் குடும்பம் குடும்பமாகச் செத்த கதை எல்லா மாவட்டத்திலும் உண்டு. ராத்திரியில் பின்விளக்கும் பளபளக்கும் ஸ்டிக்கரும் இல்லாமல் ரோட்டுக்கு வராதே. கரும்பு லோடின் பின்னால் வந்து மோதியவர்கள் பெரும்பாலும் அந்த லோடைப் பார்க்கவே இல்லை.

இதைச் சொல்லிக்கொண்டு வரும்போது கேரவனை விட்டு வேறு இடத்துக்கு மனசு போகிறது. 2018 உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். அதற்கு முன்னால் மக்காச்சோளம் நம் பக்கத்து மானாவாரிக் காட்டில் நன்றாகக் கை கொடுத்தது. நல்ல விளைச்சலைப் பார்த்துப் பல பிள்ளைகள் புது டிராக்டர் எடுத்தார்கள். கடன் கொடுத்தவர்களும் கணக்குப் போட்டுத்தான் கொடுத்தார்கள்: ஏக்கருக்கு இவ்வளவு மூட்டை, மூட்டைக்கு இவ்வளவு விலை, ஆறு மாசத்துக்கு ஒரு டியூ, இழுத்துவிடுவான். கணக்கில் பிழை இல்லை. சமதளத்தில் அவர்கள் எல்லோருமே இழுத்திருப்பார்கள். அந்த வருஷம் படைப்புழு வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த புழு, அதற்கு முன் இந்த மண் பார்க்காதது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்றது. மருந்து அடித்த செலவு ஒரு பக்கம், கதிர் வராத காடு ஒரு பக்கம். டியூ மட்டும் தேதி தவறாமல் வந்தது.

அந்தப் பிள்ளைகளில் சோம்பேறி ஒருவனும் இல்லை, ஊதாரியும் இல்லை. இறக்கம் வந்தால் என்ன என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர்களில் சிலர் மட்டும் தப்பினார்கள். அவர்கள் பெரிய மூளைக்காரர்கள் என்று நினைக்காதே. ஒரு டியூவுக்கான பணத்தைத் தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு அதற்குப் பிறகு முன்பணம் கட்டியவர்கள், அல்லது 50 குதிரைத்திறன் வாங்க வசதி இருந்தும் 35-ஓடு நின்றவர்கள். ஊரில் அவர்களைக் கஞ்சன் என்றார்கள். இருக்கட்டும்.

உனக்கும் சீக்கிரம் இந்தக் கேள்வி வரும். வீட்டுக் கடன், தங்கையின் படிப்பு, அப்பாவின் வைத்தியம், வெளிநாட்டு வேலைக்கு ஏஜெண்ட் கேட்கிற பணம். ‘நான் பார்த்துக்கிறேன்’ என்று மூத்த பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சொல்லும்போது எல்லோரும் தட்டிக்கொடுப்பார்கள். சொல்வதற்கு முன்னால், ஆறு மாசம் சம்பளம் வராவிட்டால் இதை எப்படி நிறுத்திப் பிடிப்பேன் என்று ஒரு தாளில் எழுதிப் பார். எழுத முடிந்தால் தாராளமாகக் கோத்துக்கொள். இன்னொன்றும் பார்: எதைக் கழற்ற முடியும், எதை முடியாது. டிரெய்லருக்குக் கொக்கியில் ஒரு பின் இருக்கிறது, தட்டினால் கழன்றுவிடும். அரியலூர் மாவட்டத்தையே பெரம்பலூரிலிருந்து 2001-இல் கழற்றினார்கள், 2002-இல் திரும்பக் கோத்தார்கள், 2007-இல் மறுபடி கழற்றினார்கள். கடனுக்கு அந்தப் பின் கிடையாது.

இதைக் கேட்டு எதையுமே கோக்காமல் உட்கார்ந்துவிடாதே. பயந்துகொண்டு டிராக்டரைக் கொட்டகையிலேயே வைத்திருந்தவர்களையும் எனக்குத் தெரியும். ஓடாத வண்டியின் டயரில் வெடிப்பு விழுந்தது, டீசல் டேங்கில் துரு ஏறியது. பாரம் இல்லாத டிராக்டர் ரோட்டில் துள்ளும். அளவான பாரம் அதைப் படிய வைக்கும்.

சரி, கேரவனுக்கு வருவோம். எடை சரியாக இருந்தாலும் அதை எங்கே வைக்கிறாய் என்பது பாக்கி இருக்கிறது. இதற்கு டிராக்டரைவிட மாட்டுவண்டிதான் நல்ல வாத்தியார். வண்டியில் மூட்டை அடுக்கும்போது முன்பாரம், பின்பாரம் என்று பார்ப்போம். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரமாகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும், மாடு திணறும். லேசான முன்பாரம் இருக்க வேண்டும். நுகம் கழுத்தில் உட்கார வேண்டும், அமுக்கக் கூடாது. அடுக்கி முடித்ததும் என் அப்பா நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு மூட்டையை அரை அடி முன்னாலோ பின்னாலோ நகர்த்தச் சொல்வார்.

கேரவனிலும் அதேதான். மொத்த எடையில் ஐந்திலிருந்து ஏழு விழுக்காடு காரின் கொக்கியில் உட்கார வேண்டும் என்கிறார்கள் வெள்ளைக்காரர்கள். 450 கிலோ பெட்டிக்கு 25-லிருந்து 30 கிலோ. குளியலறையில் எடை பார்க்கிற சின்ன மிஷினைக் கொக்கிக்குக் கீழே வைத்து, இடையில் ஒரு கட்டையை நிறுத்தி அளந்துவிடலாம். கனமான சாமானைச் சக்கரத்துக்கு நேர்மேலே, தரையோடு வை. தண்ணீர்க் கேனைக் கடைசியில் வைத்துப் பின்பாரம் ஆக்கினால், திருச்சி–சென்னை நாலுவழிச் சாலையில் பாடாலூர் தாண்டி ஒரு ஆம்னி பஸ் உன்னை முந்தும்போது தெரியும். பஸ்ஸின் காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும், பெட்டி பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். அப்போது பிரேக்கை மிதிக்காதே, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காதே. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள், வேகம் குறையக் குறைய அது தானாக அடங்கும். அடங்கினதும் ஓரம் கட்டிச் சாமானை மாற்றி அடுக்கு. வேகத்தைக் குறைத்துக்கொண்டால் போதும் என்று அப்படியே போய்விடாதே.

முதலில் காலிப் பெட்டியைக் களத்துக்குக் கொண்டுபோய்ப் பின்னால் எடுத்துப் பழகு. பெட்டி வலப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். மூளை ஒத்துக்கொள்ளாது, கை ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நாளாகும். நிறைய ஒடித்துவிட்டால் காரும் பெட்டியும் மடங்கிக்கொள்ளும், அப்போது மேலும் பின்னால் எடுக்காதே, நாலடி முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி எடு. பின்னால் நின்று கை காட்ட ஒரு ஆள் வேண்டும். உன் அப்பனைக் கூப்பிடாதே, அவனுக்கு இது கடைசிவரை வரவில்லை. நான் வருகிறேன்.